நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நகரத்தில் ஒருநாளை இன்பமாகக் கழிப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேச நகரத்தார்தாம் தகுதியுடையவர்கள் என்று அன்பர்கள் எண்ணக்கூடும். நாங்கள் அப்படி நினைப்பதில்லை. நகரத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்பவர், தம் வீட்டு வாசலிலுள்ள வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல் நகரத்தைப் பார்க்கிறார். அதாவது, பார்ப்பதே இல்லை. மாதத்தில் ஒருநாள், பேருந்தில் இடம்பிடித்து, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்வருகிற நாட்டுப்புறத்தாருக்கே அதன் சுவை முழுவதும் தெரியும். ஆகையால் எருத்தேன்பதியிலிருந்து கோயமுத்தூருக்குச் சென்று திரும்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

எருத்தேன்பதி எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது எங்கள் ஊர். கேரளம் என்றதும் மழையும் பச்சை வயலும் தோணியும் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் அப்படி அன்று. இங்கே கரிசல் நிலமும், பனைமரமும், தென்னந்தோப்பும், நிலக்கடலைக் காடும், தண்ணீருக்காக வானத்தையும் ஆழியாற்றையும் எதிர்பார்த்திருக்கும் மக்களும் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ். அலுவலகத்தில் மனு எழுதுவது பெரும்பாலும் மலையாளத்தில். 1949-ஆம் ஆண்டு வரை சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்று கேரள மாநிலத்தில் சேர்ந்தது. ஆட்சிகள் இவ்வாறு மாறினவேயன்றி, எங்கள் வண்டிமாடுகள் போகும் திசை மாறவில்லை. சந்தைக்கு என்றால் பொள்ளாச்சி; பெரிய வைத்தியத்துக்கும், கலியாணச் சேலைக்கும், பொழுதுபோக்குக்கும் என்றால் கோயமுத்தூர். அன்றும் அப்படியே, இன்றும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குப் போவதென்பது அன்று காலையில் தொடங்குகிற காரியம் அன்று. சனிக்கிழமை மாலையிலேயே அது தொடங்கிவிடுகிறது. மாட்டுக்குத் தீவனம் போடுவது யார், பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோவது யார், கோழியை அடைப்பது யார் என்ற கேள்விகள் எழுகின்றன. பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும். அடுத்த முறை அவர்கள் போகும்போது அவ்வேலையை நாம் ஏற்றுக்கொள்வதாக வாக்களிக்க வேண்டும். ஞாயிறு விடியலில் வீட்டுப் பெண்கள் நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு நாள் என்று பெயர். ஆனால் மற்ற நாட்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டியவர்கள் அவர்களே. குழந்தைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, போகவர வேண்டிய தண்ணீரையும் தின்பண்டத்தையும் பையில் கட்டி, கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பேருந்து நிற்குமிடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வரும்போது, ஆண்கள் அங்கே தேநீர் குடித்துக்கொண்டு, “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பேருந்து வேலந்தாவளத்தைத் தாண்டுகிறது. அங்கேதான் மாநில எல்லை. பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறது. காவலர் உடுப்பில் சிறு வேறுபாடு தெரிகிறது. மற்றபடி மண்ணும் பனையும் காற்றும் ஒன்றே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்பதில்லை. பேருந்து நெடுஞ்சாலையைப் பிடித்து நகரத்தை நெருங்கும்போது, குழந்தைகள் சன்னலோரத்துக்கு நகர்கிறார்கள். முதலில் ஆலைகளின் நீண்ட சுவர்கள், பிறகு மேம்பாலங்கள், பிறகு உக்கடத்துக் குளம். இறங்கியதும் எல்லோரும் ஒருமுறை தங்கள் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். நகரப்பயணத்தின் முதற்சடங்கு இதுதான்.

அந்த ஆலைச் சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் இன்று உல்லாசமாகக் கழிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அச்சுவர்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நம் முன்னோர்க்கு ஓய்வு நாட்கள் இல்லாமலில்லை. பொங்கலும், ஆடிப்பெருக்கும், மாரியம்மன் நோன்பும், அமாவாசையும் இருந்தன. ஆனால் ஏழு நாளுக்கு ஒருநாள் என்று கணக்கிட்டு வருகிற ஓய்வு, ஆலைத் தொழிலாளர் போராடிப் பெற்றது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேண்டுமென்று பல ஆண்டுகள் வாதாடினார். 1884-இல் எழுந்த அந்தக் கோரிக்கை 1890-இல் வெற்றி கண்டது. பம்பாய் ஆலைகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தன. கோயமுத்தூரில் முதல் நூற்பாலையை 1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நாடு விடுதலையடைந்த பிறகு, 1948-இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டமும் வாரத்தில் ஒருநாள் ஓய்வைத் தொழிலாளர்க்கு உறுதிசெய்தது. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்னும் கருத்தை ஆனைமலையிலும் மூணாற்றிலும் தேயிலை பறிப்பவர்க்கும் கொண்டுசென்றது. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை என்பது வானத்திலிருந்து விழுந்த பரிசு அன்று. சங்கு ஊதியவுடன் ஓடிய தொழிலாளர் நமக்குத் தேடிவைத்த செல்வம் அது.

ஓய்வு கிடைத்ததும் மனிதன் கேட்பது இரண்டு: வயிற்றுக்குச் சுவையான உணவு, கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வேடிக்கை. கோயமுத்தூர் இரண்டையும் நிறைவாகத் தரும் ஊர். முதலில் வேடிக்கையை எடுத்துக்கொள்வோம்.

தென்னாட்டுச் சினிமாவின் வரலாற்றில் கோயமுத்தூருக்குத் தனி இடம் உண்டு என்பதை இளைஞர் பலர் அறியார். பொன்மலை இரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905-இல் ஒரு படக்காட்சிக் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார்; கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். அக்காலத்தில் வெள்ளைத் துணியில் மனிதர்கள் நடமாடுவதைக் கண்டவர்கள் திரைக்குப் பின்னால் போய்த் தேடிப்பார்த்தார்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்த நாடோடிக் காட்சி 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கமாக அமர்ந்தது. பின்னாளில் அது டிலைட் என்று பெயர் மாறிற்று. அந்த அரங்கில் இப்போது படக்காட்சி இல்லை. வெரைட்டி ஹால் சாலை என்னும் தெருப்பெயர் மட்டும் அதன் நினைவைக் காத்து நிற்கிறது.

படம் காட்டிய ஊர் படம் எடுக்கவும் தொடங்கியது. சென்ட்ரல் ஸ்டூடியோவும், ஸ்ரீராமுலு நாயுடு நிறுவிய பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கே இயங்கின. 1954-இல் பட்சிராஜா வெளியிட்ட மலைக்கள்ளன், நாமக்கல் கவிஞர் எழுதிய கதை. கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுத, எம்.ஜி.ஆர். நடித்த அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதே கதை தெலுங்கிலும் இந்தியிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் படமாயிற்று. எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு இச்செய்தி மிகவும் பிடித்தமானது. ஒரே கதை ஆறு மொழி பேசியது. எந்த மொழியும் அதனால் குறைந்துவிடவில்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் தமிழ்ப்படம் பார்த்துவிட்டு அதன் கதையை மலையாளத்தில் தம் பள்ளித் தோழர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

சினிமாவுக்குப் போக முடியாதவர்களுக்கு வானொலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் ஒலிச்சித்திரம் கேட்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. திரை இல்லை, படம் இல்லை, பேச்சும் பாட்டும் மட்டுமே. கடலை உரித்துக்கொண்டே ஒரு வீடு முழுவதும் படம் ‘கேட்ட’ நாட்கள் அவை. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை இருக்கிறது. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து படங்கள் ஓடுகின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நகரத்துக்குச் சென்று ஒரே இருட்டில் ஒரே படத்தை அறுநூறு பேரோடு பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறதே, அது கைத்திரையில் வருவதில்லை. நகைச்சுவைக் காட்சியில் முன்வரிசையில் ஒருவர் சிரிக்க, அந்தச் சிரிப்பு அரங்கம் முழுவதும் பரவுகிறது. நம்மை அறியாதவர்களோடு சேர்ந்து சிரிப்பதற்காகத்தான் மனிதன் நகரத்துக்குப் போகிறானோ என்றுகூட எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

இனி உணவு. நாங்கள் புறப்படும் வழியிலேயே உணவுக்குப் பெயர்போன ஓர் ஊர் இருக்கிறது. நகரத்தை நோக்கிக் கிழக்கே போகாமல் மேற்கே பாலக்காட்டுப் பக்கம் திரும்பினால், எலப்புள்ளிக்கு அருகில் இராமசேரி என்ற சிற்றூர் வரும். அந்த ஊர் இட்டலி தட்டையாக, மெல்லிய அடைபோல் இருக்கும். மண்சட்டியின் வாயில் நூலால் வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த நெசவாளர் குடும்பங்கள் தங்களோடு கொண்டுவந்த கைப்பக்குவம் அது. மிளகாய்ப் பொடியோடும் சட்டினியோடும் அதை உண்பார்கள். காஞ்சியிலிருந்து கணவாயைக் கடந்து வந்து மலையாள மண்ணில் புகழ்பெற்ற அந்த இட்டலியைவிட எல்லையோர வாழ்க்கைக்கு நல்ல சான்று கிடைப்பது அரிது.

கோயமுத்தூரில் உணவு வேறு வகையான அனுபவம். 1960-களில் தொடங்கிய அன்னபூர்ணா உணவகங்களின் சாம்பாரைப் பற்றி நகரத்தார் பேசுவதைக் கேட்டால், அதுவே அவ்வூரின் ஆறு என்று நினைக்கத் தோன்றும். மாலையானால் தெருவோர வண்டிகளில் காளான் வறுவல் மணக்கிறது. எங்கள் வீட்டில் செய்கிற அரிசிப்பருப்புச் சாதமும், கொள்ளுப் பருப்பும், சந்தகையும் நகரத்து உணவகப் பலகைகளில் இப்போது இடம்பெற்றிருக்கின்றன. “நம் வீட்டில் தினமும் சலித்துக்கொண்டு தின்பதையா இங்கே பணம் கொடுத்து வாங்குகிறார்கள்!” என்று குழந்தைகள் வியக்கின்றனர். நெய்த்தோசையும் காப்பியும் வந்த பிறகுதான் அவர்களது வியப்பு அடங்கும்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிறன்று எங்கள் அம்மாயியையும் நகரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். எழுபது வயதைக் கடந்தவர். மருத்துவமனைக்கும் கலியாணத்துக்கும் அல்லாமல் வெறும் இன்பத்துக்காக அவர் நகரத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. ஒரு சிறிய உணவகத்தில் அமர்ந்து உண்டோம். உண்டு முடித்ததும் அம்மாயி எங்கள் தட்டுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேசையைத் தம் முந்தானையால் துடைக்கத் தொடங்கிவிட்டார். பரிமாறிய இளைஞர் பதறிப்போய், “விடுங்க அம்மாயி, அதுக்குத்தான நாங்க இருக்கோம்” என்றார். அம்மாயி அவரை நிமிர்ந்து பார்த்து, “ஏங் கண்ணு, உனக்கு எந்தக் கிழமை லீவு?” என்று கேட்டார். “ஏதாவது ஒரு நாள் குடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் கிடைக்காதுங்க” என்றார் அந்த இளைஞர். “அப்ப, உங்க வீட்டுப் புள்ளைங்கள யாரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறது?” என்றார் அம்மாயி. அதற்கு இளைஞர் பதில் சொல்லவில்லை. சிரித்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி எங்களோடு பேருந்தில் வந்தது. நம்முடைய ஓய்வு நாள் எத்தனை பேருடைய வேலை நாள்! பேருந்து ஓட்டுநர், நடத்துநர், அடுப்பங்கரையில் வேகும் சமையற்காரர், பரிமாறுபவர், திரையரங்க வாயிலில் சீட்டுக் கிழிப்பவர், துணிக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே சேலை விரிப்பவர், நாம் போட்டுவிட்டு வந்த காகிதத்தையும் தட்டையும் இரவில் பெருக்குபவர். இவர்களெல்லாம் உழைப்பதால்தான் நாம் உல்லாசமாக இருக்கிறோம். நம் ஊரை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கள் இறக்கும் தொழிலாளர் காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவ வேண்டும். ஒருநாள் விட்டாலும் பாளை காய்ந்து வடிவது நின்றுவிடும். பாளைக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. பசுவின் மடிக்கும் தெரியாது. கூலிக்குக் களை எடுக்கும் பெண்ணுக்கு வேலை இல்லாத நாளெல்லாம் கூலி இல்லாத நாளே. அதை ஓய்வு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இவற்றுக்கெல்லாம் மேலாக, நான்கு மணிக்கு எழுந்து நம் பயணத்துக்கு ஆயத்தம் செய்த பெண்களுக்கு, திரும்பி வந்ததும் அடுப்பும் பாத்திரமும் காத்திருக்கின்றன. “ஏன் இவ்வளவு நேரம்?” என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டோமே, அந்தக் கேள்வியை உண்மையில் அவர்கள்தாம் நம்மிடம் கேட்டிருக்க வேண்டும்.

இதனால் இன்பமாக இருப்பதே குற்றம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் வீட்டிலும் வெளியிலும் யாருக்கும் இன்பம் தருவதில்லை. இன்பத்தை விடுவது வழியன்று. அதைப் பகிர்ந்துகொள்வதே வழி. அப்பகிர்வில் சட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள், பணிநேரத்தில் உட்காரும் உரிமை வேண்டுமென்று குரலெழுப்பினார்கள். கடையில் நாள் முழுவதும் நிற்கவைத்து, சுவரில் சாயக்கூட விடாத வழக்கத்தை எதிர்த்த எளிய கோரிக்கை அது. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடைகளில் பணிபுரிவோர் உட்கார இருக்கை தரவேண்டுமென்று விதித்தது. 2021-இல் தமிழ்நாடும் அத்தகைய திருத்தத்தைச் செய்தது. எல்லைக்கு இருபுறமும் உள்ள துணிக்கடைகளில், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பதைக் கண்டால், அது சோம்பல் என்று எண்ணாதீர்கள். அவருக்குச் சேரவேண்டிய உரிமையைத்தான் அவர் பெற்றிருக்கிறார். நாற்காலி கண்ணில் படாவிட்டால், “உங்களுக்கு உட்கார இடம் இல்லையா?” என்று கடைக்காரர் காதில் விழும்படி கேட்டுவையுங்கள். வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு வலிமை அதிகம்.

சட்டம் எட்டாத இடங்களில் நம் பழக்கம் எட்டவேண்டும். அம்மாயி கேட்ட கேள்விக்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று சிறிய ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். நகரத்துக்குப் போகும் ஞாயிறன்று காலை வேலைகளை ஆண்களும் பிள்ளைகளும் பகுத்துக்கொள்வது முதலாவது. திரும்பிவந்த இரவில் அடுப்பு மூட்டுவதில்லை, காலையிலேயே கட்டிவைத்த புளிச்சோற்றையோ இராமசேரி இட்டலியையோ உண்டு படுத்துவிடுவது இரண்டாவது. மூன்றாவது, தோட்டத்தில் வேலை செய்பவர் குடும்பத்துக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு முறைவைத்து, அன்று கூலியைக் குறைக்காமல் அவர்களுடைய மாட்டையும் நாங்களே பார்த்துக்கொள்வது. இது பெரிய தருமமன்று. பக்கத்து வீட்டாரோடு செய்துகொள்ளும் மாற்றுவேலையைப் போன்றதுதான். ஆனால் முதல்முறை அந்தக் குடும்பம் புறப்பட்டுப் போன காலையில், அந்த வீட்டுப் பெண் பேருந்து வருவதற்கு அரை மணி முன்னதாகவே நிறுத்தத்தில் வந்து நின்றுகொண்டிருந்ததை நாங்கள் இன்றும் மறக்கவில்லை.

செலவைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. நகரம் என்றாலே பணம் கரையும் இடம் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் நகரத்தின் நல்ல இன்பங்கள் சில மலிவானவை. வ.உ.சி. பூங்காவின் மரநிழலில் ஒரு பிற்பகலைக் கழிக்கலாம். அங்கேயிருந்த உயிரினக் காட்சிச்சாலையின் உரிமம் 2022-இல் நீக்கப்பட்டது. ஆதலால் விலங்குகளைக் காட்டுவதாகக் குழந்தைகளுக்கு வாக்களித்துவிடாதீர்கள். அதற்கு மாறாக, அந்தப் பெயருக்குரியவரின் கதையைச் சொல்லுங்கள். கப்பலோட்டிய பெருமகனாராகிய சிதம்பரம் பிள்ளை, இதே கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். ஒரு கணம் ஓயவிடாமல் அவரை வேலை வாங்கிய நகரத்தில், இன்று அவர் பெயரால் மக்கள் ஓய்ந்து உட்காரும் இடம் இருக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. மாலையில் உக்கடத்துப் பெரியகுளக்கரைக்குப் போகலாம். நொய்யலாற்று நீரை வாங்கும் அக்குளத்தின் கரையில் நடைபாதையும் விளக்கும் அமைத்திருக்கிறார்கள். கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு, மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். அந்த மலைக்கு அப்பால்தான் கேரளம் என்று குழந்தைகளுக்குக் காட்டலாம்.

இத்தகைய ஒருநாளின் அருமை அதை இழந்தபோதுதான் எங்களுக்கு முழுவதும் விளங்கியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. சோதனைச் சாவடிகள் அடைபட்டன. பின்னர் வழி திறந்தபோதும், நெடுநாள் அனுமதிச் சீட்டும் மருத்துவச் சான்றும் கேட்டார்கள். காப்பது அரசின் கடமை. அதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காலாற நடந்த வழியில், எங்கள் உறவினர் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாக நின்று பேச நேர்ந்தது. அதுவரை அந்த எல்லையைக் கடப்பதை ஒரு பொருட்டாகவே நாங்கள் எண்ணியதில்லை. கோயமுத்தூர்ச் சினிமாவும் தோசையும் எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தோம். பேச்சு மொழியும், பெண் கொடுத்து எடுத்த உறவும், பாட்டன் காலத்துச் சந்தைப் பழக்கமும் அந்த ஒருநாள் பயணத்தோடு சேர்ந்தே போய்வந்தன என்பதை அப்போது அறிந்தோம். மீண்டும் முதல் பேருந்து ஓடியபோது அதில் ஏறியவர்களுள் பாதிப்பேருக்கு நகரத்தில் வேலை ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதே அவர்களுடைய வேலை.

மாலை ஏழு மணிக்குத் திரும்பும் பேருந்தில் நெரிசல் மிகுதி. காலையில் அமர்ந்து வந்தவர்கள் நின்றுகொண்டு வருவார்கள். குழந்தைகள் தோளில் தூங்கிவிடுவார்கள். ஒரு கையில் பலூன், மறுகையில் பாதி தின்ற முறுக்கு. யாரோ ஒருவர் அன்று பார்த்த படத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருவார். அதைப் பார்த்தவர்களும் கேட்டுக்கொண்டு வருவார்கள். வேலந்தாவளத்தைக் கடந்ததும் காற்றில் குளிர்ச்சி தெரியும். ஊர் வந்து இறங்கும்போது நாய்கள் குரைக்கும், பக்கத்து வீட்டார் சாவியோடு வெளியே வந்து, “படம் எப்படி?” என்று கேட்பார்கள்.

அவர்களுக்கென்று வாங்கிவந்த இனிப்புப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, “அடுத்த ஞாயிறு நீங்கள் போய்வாருங்கள், மாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்கிறோம். அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்கும்போதுதான் எங்கள் ஓய்வு நாள் நிறைவு பெறுகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களும் தம் அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது, தம்மைச் சுற்றி உள்ளவர்களுள் நெடுநாளாக விடுமுறை காணாதவர் யார் என்று ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். அவர் வெளியில் எங்கோ இருப்பவராகவும் இருக்கலாம். நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருப்பவராகவும் இருக்கலாம்.